ஆங்கிலத் துறையில் படித்து ஜப்பானிய மொழி ஆசிரியர் ஆவது பொருந்தாத கூட்டா?

வாசகர் கேள்வி, 2025 ஜூன் 3

என் தங்கை பிளஸ் டூ முடித்துவிட்டுச் சென்னையில் ஜப்பானிய மொழி படித்துக்கொண்டிருக்கிறாள். ஜே.எல்.பி.டி. எனப்படும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில், ஐந்து நிலைகளில் நடுவிலுள்ள என்3 நிலை (என்1தான் உச்சம்) தேறியிருக்கிறாள். ஜப்பானில் சில பல்கலைக்கழகங்கள் ஆங்கிலம், ஜப்பானியப் பண்பாடு, ஜப்பானிய மொழி ஆசிரியர் பயிற்சி மூன்றையும் ஒரே பட்டப்படிப்பில் வைத்திருக்கின்றனவாம். அதில்தான் சேருவேன் என்கிறாள். எனக்கு இது ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்றுதான் படுகிறது. ஜப்பானிய மொழி கற்பிக்க வேண்டுமென்றால் ஜப்பானிய மொழித் துறையில் சேர வேண்டியதுதானே? நடுவில் ஆங்கிலம் எதற்கு?

2025 ஜூன் 3, இரவு

ஒசாகா, கியோத்தோ நகரங்கள் இருக்கும் கான்சாய் பகுதியில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலத் துறையில் இதே கூட்டில் படித்தேன். இப்போது அதே பகுதியில் ஒரு மொழிப்பள்ளியில் ஜப்பானிய மொழி கற்பிக்கிறேன். இது பொருந்தாத கூட்டு அல்ல என்பதே என் எண்ணம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் அமைப்பு. ஜப்பானில் இளங்கலைப் பட்டத்துக்குக் குறைந்தது 124 கிரெடிட் வேண்டும். ஜப்பானிய மொழி ஆசிரியர் பயிற்சிக்காக 1985இல் வந்த வரையறை, அதை முதன்மைப் பாடமாக எடுப்பவருக்கு 45 கிரெடிட் என்றும் துணைப் பாடமாக எடுப்பவருக்கு 26 கிரெடிட் என்றும் வகுத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்னர்தான் பிரதமர் நகசோனேயின் அரசு, வெளிநாட்டு மாணவர்களின் எண்ணிக்கையை ஒரு லட்சமாக உயர்த்தும் திட்டத்தை முன்வைத்திருந்தது. அத்தனை பேருக்கும் மொழி கற்பிக்க ஆள் வேண்டுமே! ட்ஸுகுபா பல்கலைக்கழகம் 1985இல் ஜப்பானிய மொழிக்கும் பண்பாட்டுக்குமென்றே தனிப் பிரிவு தொடங்கியது. தனிப் பிரிவு தொடங்காத இடங்களில், ஏற்கெனவே இருந்த துறையின் பாடங்களோடு அந்த 26 கிரெடிட்டையும் சேர்த்து எடுக்க வழி செய்தார்கள். உங்கள் தங்கை பார்த்த படிப்பு அந்த வழியில் வந்தது.

ஆனால், நிர்வாக வசதிக்காக ஏற்பட்ட இந்தக் கூட்டுக்குக் கல்வி சார்ந்த ஒரு நியாயமும் உண்டு. ஜப்பானில் பிறந்து வளர்ந்த மாணவருக்கு ஜப்பானிய மொழி எப்படிப் பேசுவது என்று தெரியும். அது ஒருவருக்கு எந்த வரிசையில், எந்த இடத்தில் தடுக்கி, எப்படிப் பிடிபடுகிறது என்பது தெரியாது. அவர் வாழ்க்கையில் அந்நிய மொழி ஒன்றோடு மல்லுக்கட்டியது ஆங்கிலத்தோடு மட்டும்தான். ஒலியியல், இரண்டாம் மொழி எப்படிக் கைவருகிறது என்ற ஆய்வு, கற்பித்தல் முறைகள், தேர்வுத்தாள் அமைப்பது ஆகியவற்றை அவர் ஆங்கிலத்தை வைத்துப் படிக்கும்போது, தான் பட்ட பாட்டையே பாடமாகப் படிக்கிறார். பிறகு அதே கண்ணோடு தன் தாய்மொழியைத் திரும்பிப் பார்க்கிறார். ஜப்பானிய மொழித் துறையில் செவ்வியல் இலக்கியத்தில் மூழ்கிய மாணவர்களுக்கு இந்தத் திரும்பிப் பார்த்தல் எளிதாக வாய்ப்பதில்லை என்பதை என்னோடு பயிற்சி பெற்றவர்களிடம் கண்டிருக்கிறேன்.

2025 ஜூன் 4

கீழே ஒருவர், “ஜப்பானியப் பள்ளிகளில் ஜப்பானிய மொழி நடத்தும் வேலைக்கா இந்தப் பயிற்சி?” என்று கேட்டிருக்கிறார். இல்லை. ஜப்பானியப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் நடத்தப்படும் தாய்மொழிப் பாடம் வேறு. அதற்குப் பள்ளி ஆசிரியர் உரிமம் வேண்டும். நாம் பேசுவது, ஜப்பானிய மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்குக் கற்பிக்கும் பணி. அதேபோல, பள்ளியில் ஆங்கிலம் நடத்துவதற்கான உரிமத்தை இந்த 26 கிரெடிட் தந்துவிடாது. அதற்கான பாடத்தொகுதியைத் தனியாக முடிக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நான்கு ஆண்டும் மூச்சு விட நேரமிருக்காது.

2025 ஜூன் 7

பயிற்சி வகுப்பில் என்னதான் நடக்கும் என்று கேட்டவருக்காக இந்தக் குறிப்பு. இந்தப் படிப்பின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

மாணவ ஆசிரியர் ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் ‘கியோஆன்’ எனப்படும் பாடத்திட்டம் எழுத வேண்டும். நம் ஊர் பி.எட். பாடக்குறிப்பைப் போலத் தொடங்கினாலும் இது இன்னும் நுணுக்கமானது. இடப்பக்கம் நிமிடக் கணக்கு, அடுத்து ஆசிரியர் சொல்லப்போகும் வாக்கியம் எழுத்துக்கு எழுத்து, அடுத்து மாணவர் சொல்லக்கூடிய பதில், கடைசியில் காட்டவேண்டிய படமும் பொருளும். ஆசிரியர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் மாணவர்கள் அதுவரை படித்த சொற்களையும் இலக்கணத்தையும் கொண்டு மட்டுமே அமைய வேண்டும். படிக்காத வடிவம் ஒன்று புகுந்துவிட்டால் வழிகாட்டி ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பித் தருவார்.

எங்கள் குழுவில் கியோத்தோவைச் சேர்ந்த ஒரு தோழி இருந்தாள். இனிமையாகப் பேசுவாள், திட்டமும் நன்றாக எழுதியிருந்தாள். வகுப்பில் இருந்தவர்கள் அப்போதுதான் ‘செய்யுங்கள்’ என்று கேட்டுக்கொள்ளும் வடிவம் வரை முடித்திருந்த தொடக்கநிலை மாணவர்கள். இருவர் இருவராகப் பேச வைக்க வேண்டிய கட்டத்தில், தாளில் எழுதியதை விட்டுவிட்டு, பழக்கத்தில் அவள் வாயிலிருந்து “தொனாரி நோ ஹிதோ தோ ஹனஷிஅத்தே மிமாஷோ கா” என்று வந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவரோடு கலந்து பேசிப் பார்ப்போமா என்று பொருள். வகுப்பே அசையவில்லை. யாரும் பக்கத்தில் திரும்பவில்லை. இரண்டு பேர் நோட்டைப் புரட்டினார்கள். கூட்டுவினை, ‘செய்து பார்’ என்னும் துணைவினை, ‘செய்வோம்’ என்னும் அழைப்பு, அதன் மேல் கேள்விக் குறிப்பு என்று நான்கு அடுக்கு அந்த ஒரு வினையில் ஏறியிருந்தது. இப்படி அடுக்கிய வடிவத்தை அவர்கள் படித்ததில்லை. சற்றுத் தடுமாறி, இரண்டு விரலைக் காட்டி, “ஃபுதாரி தே ஹனஷிதே குதசாய்” என்றாள். இருவராகப் பேசுங்கள், அவ்வளவுதான். உடனே அறையெங்கும் பேச்சு எழுந்தது.

அன்று மாலை கலந்துரையாடலில் வழிகாட்டி ஆசிரியர் அவளிடம் கேட்டது இலக்கணத்தைப் பற்றி அல்ல. “உன் ஆங்கில உரையாடல் வகுப்பில், முதலாண்டில், அயல்நாட்டு ஆசிரியர் பேசியது புரியாமல் நீ என்ன செய்தாய்?” என்று கேட்டார். தலையைக் குனிந்து புத்தகத்தைப் புரட்டினேன் என்றாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆங்கிலம் அங்கே எதற்கு என்று கேட்டீர்களே, இதற்குத்தான்.

2025 ஜூன் 8

நேற்றைய குறிப்பு ஜப்பானிய மாணவர்களைப் பற்றியது. நம்மைப் போன்றவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அந்நிய மொழியாக ஜப்பானிய மொழியைக் கற்ற அனுபவம் நமக்கு ஏற்கெனவே உண்டு. மாணவர் எங்கே தடுக்குவார் என்பது நம் உடம்புக்குத் தெரியும். நமக்கு இல்லாதது, ஒரு வாக்கியம் இயல்பாக ஒலிக்கிறதா என்று சட்டென்று சொல்லும் காது. குறிப்பாகச் சொல்லின் ஏற்ற இறக்கம். தோக்கியோவில் மேலிருந்து கீழிறங்கும் ‘ஹஷி’ சாப்பிடும் குச்சி, கீழிருந்து மேலேறுவது பாலம். கியோத்தோவிலும் ஒசாகாவிலும் இது அப்படியே மாறிவிடும். கான்சாயில் வாழ்ந்துகொண்டு தோக்கியோ ஒலிப்பைக் கற்பிக்க வேண்டிய நிலை எனக்கு மட்டுமல்ல, அங்கேயே பிறந்த என் தோழிக்கும் இருந்தது. இருவரும் ஒரே ஒலிப்பதிவை வைத்துக்கொண்டுதான் பயின்றோம்.

தமிழர்களுக்கு மட்டும் ஒரு சொல். வினை கடைசியில் வருவது, வேற்றுமை பெயருக்குப் பின்னால் ஒட்டுவது, ‘நேற்று வாங்கிய புத்தகம்’ என்பதுபோல் எச்சம் பெயருக்கு முன்னால் நிற்பது, ‘செய்து பார்’, ‘செய்துவிடு’, ‘செய்து வை’ என்று துணைவினை சேர்வது எல்லாமே இரு மொழியிலும் ஏறத்தாழ ஒரே ஒழுங்கில் நடக்கின்றன. இதை வைத்து இரண்டும் உறவு மொழிகள் என்ற முடிவுக்குப் போய்விட வேண்டாம். ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ அப்படி வாதிட்டார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனால் வகுப்பறையில் இந்த ஒற்றுமை கைகொடுக்கும். தமிழ் மாணவர் ஆங்கில விளக்கத்தின் வழியாக ஜப்பானிய மொழியைக் கற்கும்போது, வாக்கியத்தை ஒருமுறை கவிழ்த்து, பிறகு மீண்டும் நிமிர்த்துகிறார். உங்கள் தங்கையும் சென்னையில் அப்படித்தான் கற்றுக்கொண்டிருப்பாள். அவள் ஆசிரியராகும்போது இதை மாற்ற முடியும்.

2025 ஜூன் 12

ஆங்கிலமும் ஜப்பானிய மொழி கற்பித்தலும் இன்று நேற்று சேர்ந்தவை அல்ல. ஒரே வீட்டில் இரண்டும் இருந்ததற்கு ஒகாகுரா சகோதரர்களே சான்று. அண்ணன் ஒகாகுரா காகுஸோ, தேநீர்ப் பண்பாட்டைப் பற்றிய தம் நூலை ஆங்கிலத்திலேயே எழுதி 1906இல் நியூயார்க்கில் வெளியிட்டார். தம்பி ஒகாகுரா யோஷிசபுரோ, ஜப்பானிய மொழியை ஆராய்ந்த ஆங்கிலேயரான சேம்பர்லினிடம் மொழியியல் படித்தவர். 1891இல் சியோலுக்குப் போய் ஜப்பானிய மொழி கற்பித்தார். பிறகு தோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகப் புகழ்பெற்றார். பண்பாடு, ஆங்கிலம், ஜப்பானிய மொழி கற்பித்தல் என்று நாம் விவாதிக்கும் மூன்றும் அந்த ஒரு குடும்பத்தில் இருக்கின்றன.

அடுத்து ஹரால்ட் பால்மர். இங்கிலாந்துக்காரர்; 1922இல் ஜப்பானியக் கல்வி அமைச்சகத்தின் ஆங்கில ஆலோசகராக வந்து, மறு ஆண்டு ஆங்கிலம் கற்பித்தலுக்கான ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். மொழிபெயர்த்துப் படிப்பதை விட்டு, கேட்டும் பேசியும் கற்பிக்கும் அவருடைய முறை ஜப்பானிய மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்காக உருவானது. அதை உள்வாங்கிய நகனுமா நாஓஏ, தோக்கியோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்தில் அதிகாரிகளுக்கு ஜப்பானிய மொழி கற்பிக்க அதைப் பயன்படுத்தினார். கேள்வி கேட்டு, பதில் வாங்கி, அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வியை எழுப்பி, மாணவரின் வாயிலிருந்தே இலக்கணத்தை வரவைக்கும் முறை அது. 1948இல் அவர் தலைமையில் தோக்கியோவில் ஒரு ஜப்பானிய மொழிப்பள்ளி தொடங்கியது. அது இன்றும் நடக்கிறது. எனக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த கேள்வி-பதில் உத்திகளில் பாதிக்கு வேர் இங்கே இருக்கிறது. ஆங்கிலம் கற்பித்தலின் வரலாற்றைப் படிக்காமல் அந்த வேரைக் காண முடியாது.

2025 ஜூன் 13

நேற்று எழுதியதைப் படித்தால் வரலாறு முழுவதும் இனிமையானது என்று தோன்றும். அது அப்படியில்லை.

1895இல் தைவான் ஜப்பானின் கைக்குப் போனதும், அமெரிக்காவில் ஆசிரியர் பயிற்சி பெற்றிருந்த இஸாவா ஷூஜி அங்கே ஷிஸான்கான் குன்றில் ஜப்பானிய மொழி கற்பிக்கத் தொடங்கினார். 1896 புத்தாண்டு நாளில் அங்கிருந்த ஜப்பானிய ஆசிரியர்கள் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். கொரியாவில் 1938க்குப் பிறகு பள்ளிகளில் கொரிய மொழி விருப்பப் பாடமாகத் தாழ்த்தப்பட்டு, படிப்படியாக ஒழிக்கப்பட்டது. ஜப்பானிய மொழி கற்பித்தல் ஒரு தொழிலாக, முறையாக வளர்ந்த காலத்தின் பெரும்பகுதி இந்தக் காலனி வகுப்பறைகளில் கழிந்தது.

“பண்பாட்டு வகுப்பில் கிமோனோ உடுத்தக் கற்றுத்தருவார்களா?” என்று ஒருவர் ஆர்வமாகக் கேட்டிருந்தார். தேநீர்ச் சடங்கு, மலர் அலங்காரம், ‘நோ’ என்னும் மரபு நாடகம் எல்லாம் உண்டு. நானும் விரும்பியே படித்தேன். ஆனால் ஆசிரியர் பயிற்சியின் ஐந்து பிரிவுகளில் முதலாவதாக வரும் ‘சமூகம், பண்பாடு, வட்டாரம்’ என்பது முக்கியமாக இந்த வரலாற்றையும் இன்றைய குடியேற்ற நிலையையும் பற்றியது. 2024 இறுதியில் ஜப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர் சுமார் 37 லட்சத்து 69 ஆயிரம் பேர். அரசுப் பள்ளிகளில் ஜப்பானிய மொழியில் தனிக் கவனம் தேவைப்படும் பிள்ளைகள் 2023 கணக்கில் ஏறத்தாழ 69,000 பேர். அவர்களில் ஜப்பானியக் குடியுரிமை உள்ளவர்களும் அடக்கம். வகுப்பில் தைவானின் தைபேயிலிருந்து வந்த மாணவி, தன் கொள்ளுப்பாட்டி ஜப்பானிய மொழி பேசுவார் என்று சொல்லும்போது, “அப்படியா, அருமை” என்று சொல்லிவிட்டு நகரும் ஆசிரியராக யாரும் இருக்கக் கூடாது. அந்தப் பாட்டி ஏன் பேசினார் என்று தெரிந்த பிறகே வகுப்புக்குள் போக வேண்டும்.

2025 ஜூன் 19

சட்டம் மாறியிருப்பதால் பழைய வலைப்பதிவுகளை நம்ப வேண்டாம். முன்பு பட்டப்படிப்போடு 420 மணி நேரப் பயிற்சி, அல்லது பல்கலைக்கழகத்தில் முதன்மை, துணைப் பாடம், அல்லது தனித் திறன் தேர்வு என்று பல வழி இருந்தது; எதுவும் அரசு உரிமம் அல்ல. 2023 மே மாதம் நிறைவேறி, 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம், ‘பதிவு பெற்ற ஜப்பானிய மொழி ஆசிரியர்’ என்னும் தேசியத் தகுதியை உருவாக்கியது. அரசு அங்கீகரித்த மொழிப்பள்ளிகளில் கற்பிக்க இனி அதுதான் வேண்டும். ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 2029 மார்ச் வரை அவகாசம்.

தேர்வு இரண்டு பகுதி. அடிப்படைத் தேர்வு 120 நிமிடம், 100 வினா. பயன்பாட்டுத் தேர்வில் கேட்டல் 50 நிமிடம், 50 வினா. வாசிப்பு 100 நிமிடம், 60 வினா. கேட்டல் பகுதியில் வெளிநாட்டு மாணவர் பேசிய பதிவை ஒலிபரப்பி, பிழை ஒலிப்பிலா ஏற்ற இறக்கத்திலா என்று கேட்பார்கள். ஜூன் 8ஆம் தேதி காதைப் பற்றி எழுதியது இதையும் மனத்தில் வைத்துத்தான். முதல் தேர்வு 2024 நவம்பர் 17 அன்று நடந்தது. எழுதியவர் 17,655 பேர், தேறியவர் 11,051 பேர். அவர்களில் ஏற்கெனவே பணியில் இருந்து சலுகை வழியில் எழுதியவர்களும் உண்டு என்பதால், இந்த விகிதத்தைப் பார்த்துப் புதிதாக எழுதுபவர் மெத்தனமாக இருக்கக் கூடாது.

தேர்வெழுத வயது, நாடு, படிப்புத் தடை எதுவும் இல்லை. பல்கலைக்கழகம் பதிவு பெற்ற பயிற்சி நிறுவனமாக இருந்து, உங்கள் தங்கை அந்தப் பாடத்தொகுதியை முடித்தால், அடிப்படைத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. நேரடி வகுப்பறைப் பயிற்சியும் அதே இடத்தில் முடிந்துவிட்டால், மிஞ்சுவது பயன்பாட்டுத் தேர்வு ஒன்றுதான்.

2025 ஜூன் 20

வருமானத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டாலும் சொல்லியாக வேண்டும். ஜப்பானுக்குள் ஜப்பானிய மொழி கற்பிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊதியமில்லாத் தன்னார்வலர்கள். மொழிப்பள்ளிகளில் பலர் வகுப்புக் கணக்கில் கூலி பெறும் பகுதிநேர ஆசிரியர்கள். பாடத்திட்டம் எழுதும் நேரத்துக்கும் நோட்டுத் திருத்தும் நேரத்துக்கும் தனியாகப் பணம் கிடைப்பது அரிது. இவ்வளவு நுணுக்கமான உழைப்பை இப்படி மலிவாக வைத்திருப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். தேசியத் தகுதி வந்த பிறகாவது இது மாற வேண்டும்.

இந்த இடத்தில் ஆங்கிலம் வேறொரு வகையில் துணைநிற்கிறது. என்னோடு படித்தவர்களில் ஒருவர் பள்ளி ஆங்கில ஆசிரியராகி, தன் பள்ளியில் சேரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழியும் சொல்லித்தருகிறார். இன்னொருவர் ஒரு தொழிற்சாலையில் வெளிநாட்டுப் பணியாளர் பொறுப்பில் இருக்கிறார். இரண்டு தகுதியும் கையில் இருந்ததால்தான் இருவரும் இந்தத் துறையைக் கைவிடாமல் இருக்க முடிந்தது.

2025 ஜூன் 27

“வகுப்பில் ஆங்கிலத்தில் விளக்கலாம்தானே, அதற்காகத்தானே ஆங்கிலம்?” என்று மீண்டும் மீண்டும் வருகிறது. இங்குள்ள மொழிப்பள்ளிகளில் நேபாளம், வியட்நாம், சீனா, மியான்மர், இலங்கை மாணவர்கள் ஒரே அறையில் அமர்ந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் விளக்கினால் நேபாள மாணவருக்கு ஓரளவு புரியும், பின்வரிசை வியட்நாம் மாணவருக்கு இரட்டைச் சுமை. அதனால் ஜப்பானிய மொழியை ஜப்பானிய மொழியிலேயே கற்பிப்பதுதான் பொதுவழக்கம். படம், சைகை, எடுத்துக்காட்டு, கவனமாகத் தேர்ந்த எளிய வாக்கியம், இவைதான் கருவி. ஆங்கிலத்தை வகுப்புக்கு வெளியே, ஆய்வுக் கட்டுரை படிக்கவும் பிற நாட்டுப் பல்கலைக்கழகங்களில் வேலை தேடவும் பயன்படுத்துகிறோம்.

2025 ஜூலை 2

கேள்வி கேட்டவர், தங்கை உறுதியாக இருப்பதாகவும் அடுத்து என்ன செய்வது என்றும் எழுதியிருக்கிறார். என்3 போதாது, கலைப்பிரிவு இளங்கலைப் படிப்பு ஜப்பானிய மொழியிலேயே நடப்பதால் என்2ஆவது வேண்டும், என்1 இருந்தால் முதலாண்டு மூச்சுத் திணறாது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவரிடம் இ.ஜே.யு. என்னும் பல்கலைக்கழக நுழைவுக்கான தேர்வின் மதிப்பெண் கேட்கும், அது ஜூன், நவம்பர் என ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது, கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. விண்ணப்பிக்கும் முன் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி மூன்று விஷயத்தைக் கேட்கட்டும்: ஆசிரியர் பயிற்சித் தொகுதி கல்வி அமைச்சகத்தில் பதிவு பெற்றதா, வகுப்பறைப் பயிற்சி உண்மையான வெளிநாட்டு மாணவர்களோடு நடக்கிறதா அல்லது சக மாணவர்களை வைத்து ஒத்திகை மட்டுமா, வெளிநாட்டு மாணவரையும் அந்தப் பயிற்சியில் சேர்க்கிறார்களா.

செலவு கட்டுப்படியாகாவிட்டால் இன்னொரு வழி உண்டு. ஜே.என்.யூ., விஸ்வபாரதி போன்ற இடங்களில் ஜப்பானிய மொழியை முதன்மைப் பாடமாக எடுத்துப் படித்துக்கொண்டே, ஜப்பான் அரசின் ‘நிக்கென்செய்’ உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஏறத்தாழ ஓராண்டு ஜப்பானியப் பல்கலைக்கழகத்தில் மொழியும் பண்பாடும் படித்துவிட்டுத் திரும்பலாம். அதில் ஆசிரியர் தகுதி கிடைக்காது. ஆனால் தேர்வுக்கு நாட்டுத் தடை இல்லாததால், அதன்பின் அடிப்படைத் தேர்வு முதல் எழுதிக்கொண்டு வரலாம். என்2 முடிவு வந்ததும் எழுதுங்கள். எந்தெந்தப் பல்கலைக்கழகத்தின் பாடப்பட்டியலைப் பார்க்கலாம் என்று சேர்ந்து படிப்போம்.